வீட்டில் சைக்கிள் பழுதுபார்க்க ஹார்ட்வேர் கடையில் எதை வாங்கலாம், எதை விட்டுவிட வேண்டும்?

சிங்கப்பூர் வாசகர் ஒருவரின் கேள்வி இது: புளோக்குக்குக் கீழேயே ஹார்ட்வேர் கடை இருக்கிறது. வீட்டில் 20 அங்குல மடக்கு சைக்கிள் ஒன்று, டிஸ்க் பிரேக் உள்ள மவுண்டன் பைக் ஒன்று. சின்னச் சின்ன வேலைகளை நாமே செய்துகொள்ள அந்தக் கடையில் என்னென்ன வாங்கலாம்? எதற்குச் சைக்கிள் கடைக்குத்தான் போக வேண்டும்?

சைக்கிளில் உள்ள நட்டு, போல்ட்டுகளில் பெரும்பாலானவை மற்ற இயந்திரங்களில் இருக்கும் அதே மெட்ரிக் அளவுகள்தாம். அவற்றைப் பிடிக்கும் கருவியை ஹார்ட்வேர் கடையிலேயே வாங்கலாம், அங்கே தரமும் பல நேரம் கூடுதலாக இருக்கும். செயின், கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு), கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை), ஸ்போக் நிப்பிள் (சக்கரக் கம்பியை இறுக்கும் சின்ன நட்டு) போன்றவற்றின் வடிவம் சைக்கிளுக்கே உரியது. அவற்றுக்கான கருவியைச் சைக்கிள் கடையில்தான் வாங்க வேண்டும். மூன்றாவது வகை பிரேக். பிரேக்கில் தேயும், இழுபடும், அழுத்தப்படும் எந்தப் பொருளுக்கும் ஹார்ட்வேர் கடையில் மாற்று தேட வேண்டாம்.

முதல் செலவு ஆலன் கீ செட்டாக இருக்கட்டும், அறுகோணக் குழி உள்ள போல்ட்டுகளைத் திருப்பும் வளைந்த கம்பிகள் இவை. தேவையான அளவுகள் 2, 2.5, 3, 4, 5, 6, 8 மி.மீ. தினசரி கையில் எடுப்பது 4-ம் 5-ம். தண்ணீர்ப் புட்டி தாங்கி, ஹேண்டில்பார் கவ்வி, சீட் கம்பிக் கவ்வி, பிரேக் காலிப்பர் (பிரேக் கட்டைகளை அழுத்தும் பாகம்) எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டில் அடங்கிவிடும். பழைய, கனமான கிராங்குகளுக்கு 8 தேவைப்படும், மலிவான செட்டுகள் 6-உடன் நின்றுவிடுவது உண்டு, எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

கடையில் மெட்ரிக் செட்டும் அங்குல செட்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 3/16 அங்குலக் கீ என்பது 4.76 மி.மீ. 5 மி.மீ. குழிக்குள் சுலபமாக இறங்கும், திருப்பினால் பிடிப்பது போலவும் இருக்கும். இறுகிய போல்ட்டில் பலம் கொடுத்தவுடன் அறுகோணத்தின் மூலைகள் வழுக்கி, குழி வட்டமாகிவிடும். அதன் பிறகு அந்த போல்ட்டைத் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். உறையில் ‘மி.மீ.’ என்று இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டும் கலந்த செட்டை வாங்காதீர்கள். நுனி உருண்டையாக இருக்கும் நீண்ட கை, சாய்வாக நுழைக்க வசதி. ஆனால் அந்த உருண்டை நுனியால் இறுக்கவோ முதல் பிடியைத் தளர்த்தவோ கூடாது, அதற்குத் தட்டையான குட்டைக் கைதான். கீயின் நுனி தேய்ந்து பளபளத்தால் தயங்காமல் மாற்றிவிடுங்கள். ஒரு கீயின் விலை சில வெள்ளி, கெட்டுப்போகும் போல்ட்டுக்கு ஆகும் வேலை அதைவிடப் பல மடங்கு.

உங்கள் மவுண்டன் பைக்கின் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் ஆறு சின்ன ஆணிகள் பெரும்பாலும் நட்சத்திரக் குழி உள்ளவை, டி25 டார்க்ஸ். அதில் ஆலன் கீயைச் செருகிச் சமாளிக்க முயல வேண்டாம். டி25 ஒன்றைத் தனியாக வாங்குங்கள்.

அடுத்து ஸ்பேனர். நம் கடைகளில் கிடைக்கும் பல செட்டுகள் 8, 10, 12, 14, 17, 19 என்று போகும். சைக்கிளுக்கு உயிர்நாடியான 15 அதில் இருக்காது. நட்டு போட்ட சக்கர அச்சுக்கும் பெடலுக்கும் அதே 15 மி.மீ.தான். எனவே செட்டு வாங்காமல், ஒருபுறம் வளையமும் மறுபுறம் திறந்த வாயும் உள்ள 8, 9, 10, 13, 15 அளவுகளைத் தனித்தனியாக எடுப்பது மேல். பெடலுக்கும் கிராங்குக்கும் இடையே உள்ள இடைவெளி குறுகலாக இருந்தால் ஹார்ட்வேர் ஸ்பேனரின் தடித்த தலை நுழையாது, அப்போது சைக்கிள் கடையின் மெல்லிய பெடல் ஸ்பேனர் தேவை. சக்கர ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியில், பேரிங்கைப் பிடித்திருக்கும் கோன் நட்டுக்கும் இதே கதி. அதற்கான ஸ்பேனர் 2 மி.மீ. அளவே தடிப்புள்ளது, அரத்தால் தேய்த்துச் சாதாரண ஸ்பேனரை அப்படி ஆக்க முயன்றால் வாய் விரிந்துகொடுக்கும்.

பெடலைக் கழற்றும்போது ஒன்றை மறக்க வேண்டாம். இடது பெடலின் மரை தலைகீழானது. எந்தப் பக்கமானாலும், ஸ்பேனரின் கைப்பிடி அச்சிலிருந்து மேல்நோக்கி நிற்கும்படி வைத்து, பின்சக்கரத்தை நோக்கி இழுத்தால் தளரும், முன்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இறுகும். இந்த ஒரே விதி இரு பக்கத்துக்கும் பொருந்தும். திரும்ப மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, முதல் நான்கைந்து சுற்றைக் கையால் மட்டுமே திருப்புங்கள். கோணலாகப் பிடித்த பெடல் அலுமினிய கிராங்கின் மரையை ஒரே நிமிடத்தில் சீவிவிடும்.

அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், பிளையர் இரண்டையும் பெட்டியில் வைத்திருக்கலாம், ஆனால் நட்டைத் திருப்ப அவை கடைசி வழியாகவே இருக்கட்டும். ஸ்க்ரூடிரைவரில் கவனம் தேவை. கியர் மாற்றியில் இருக்கும் இரண்டு சின்னக் கூட்டல்குறி ஆணிகள் பெரும்பாலும் ஜேஐஎஸ் எனும் ஜப்பானியத் தர வகை, ஆணித்தலையில் ஒரு சின்னப் புள்ளி அடையாளமாக இருக்கும். சாதாரண ஃபிலிப்ஸ் முனை அதில் முழுதாக உட்காராமல் மேலேறி வரும், ஆணித்தலை கிழிந்துவிடும். ஜப்பானிய வெஸ்ஸல் கம்பெனியின் ஸ்க்ரூடிரைவர் கிடைத்தால் இந்தச் சிக்கலே இல்லை.

இப்போது பிரேக் ஒயருக்கும் கியர் ஒயருக்கும் வருவோம். வீட்டுப் பழுதுபார்ப்பில் அதிகம் சொதப்பும் இடம் இது. உள் ஒயர் பிரேக்குக்குச் சுமார் 1.5 மி.மீ., கியருக்குச் சுமார் 1.2 மி.மீ. தடிமன். வெளியுறை பிரேக்குக்கு 5, கியருக்கு 4 மி.மீ. கட்டிங் பிளையரால் வெட்டினால் இழைகள் நசுங்கிப் பிரிந்து நிற்கும், புதிய உறைக்குள் நுழையவே நுழையாது. மின்சாரக் கம்பி வெட்டும் கட்டர் செம்புக்கானது, எஃகு ஒயரை வெட்டினால் அதன் கூர் உடனே பல்லாகும். ஹார்ட்வேர் கடையில் ‘ஒயர் ரோப் கட்டர்’ என்று கேளுங்கள். இரு கத்திகளும் வளைந்து, ஒயரை நாலாபுறமும் சூழ்ந்து வெட்டும் வகை. சைக்கிள் கடைக் கருவிக்கு அது நன்றாகவே ஈடுகொடுக்கும்.

வெட்டும் முறை இப்படி. உறையை வெட்டும் முன் பழைய உள் ஒயர்த் துண்டு ஒன்றை அதற்குள் விட்டு, இரண்டையும் சேர்த்து வெட்டுங்கள், வாய் நசுங்காது. பிறகு துண்டை உருவிவிட்டு, உறையின் முனையை நைசான அரத்தால் தட்டையாகத் தேயுங்கள். உள்ளிருக்கும் பிளாஸ்டிக் குழாய் மூடிக்கொண்டிருக்கும், கூர்மையான ஊசியால் அதை வட்டமாகத் திறந்துவிடுங்கள். முனைமூடி போட்ட பிறகே பொருத்துங்கள். தேய்க்காமல் விட்ட முனை, பிரேக்கை அழுத்த அழுத்த உள்ளே நசுங்கி உட்காரும். ஒரு வாரத்தில் பிரேக் லூசாகிவிட்டது என்று தோன்றுவது பெரும்பாலும் இதனால்தான். உள் ஒயரின் நுனி பிரியாமலிருக்க அலுமினியத் தொப்பி ஒன்றைப் போட்டு நசுக்குங்கள்.

கியர் உறையைப் பிரேக்குக்குப் போடவே கூடாது. கியர் உறையில் எஃகு இழைகள் நீளவாக்கில் போகின்றன, பிரேக்கின் பலத்தில் அவை பிதுங்கி வெடிக்கும். பிரேக் உறையில் எஃகு சுருளாகச் சுற்றப்பட்டிருக்கிறது. ஹார்ட்வேர் கடையின் எஃகு ஒயர் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அதன் நுனியில் லீவரில் உட்காரும் உருண்டைத் தலை இல்லை, முடிச்சுப் போட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இங்கே பொதுப் பாதையில் ஓட்டும் சைக்கிளுக்குக் கைப்பிரேக் சட்டப்படி கட்டாயம். அந்தப் பாதையில் நடந்து வரும் முதியவரும் பிள்ளையும் உங்கள் ஒயரை நம்பித்தான் நடக்கிறார்கள்.

ஹைட்ராலிக் டிஸ்க் என்றால் எண்ணெயைத் தொடும் முன் லீவரின் மூடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். மினரல் ஆயில் என்றால் அந்தக் கம்பெனி சொல்லும் ஆயில், டாட் 4 அல்லது 5.1 என்ற பிரேக் திரவத் தரம் என்றால் அதுவே. மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டு, பிரேக் பிடிக்காமல் போகும். பிரேக்குக்கு டாட் என்று எழுதியிருந்தால் கார் பாகக் கடையில் வாங்கும் அதே தரம் பொருந்தும். ஹைட்ராலிக் பிரேக் உள்ள சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வேலை செய்வதையும் தவிர்க்கலாம், தேங்கியிருக்கும் காற்றுக்குமிழி குழாய்க்குள் ஏறி லீவர் பஞ்சுபோல ஆகிவிடும்.

நட்டு போல்ட்டுகளைச் சில்லறையாக வாங்க ஹார்ட்வேர் கடையைவிட நல்ல இடம் இல்லை. பழைய போல்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், கடைக்காரர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். பக்கத்துக் கடையில் இல்லாவிட்டால் ஜாலான் புசார் வட்டாரத்துக் கடைகளில் கிடைக்கும். தண்ணீர்ப் புட்டி தாங்கி, மட்கார்ட், கேரியர் எல்லாம் பெரும்பாலும் எம்5, அதாவது 5 மி.மீ. விட்டம், மரை இடைவெளி 0.8 மி.மீ. நீளம் 12 முதல் 20 மி.மீ. வரை நாலைந்து வாங்கிவைத்தால் போதும். நம் ஊர்க் காற்றுக்கு ஸ்டெயின்லெஸ் நல்லது. ஈஸ்ட் கோஸ்ட், சாங்கி என்று கடலோரமாகவே ஓட்டுபவர்கள் ஏ4 என்று தலையில் பொறித்ததைக் கேளுங்கள், சாதாரண ஸ்டெயின்லெஸ் வகையான ஏ2-வைவிட உப்புக் காற்றை அது அதிகம் தாங்கும். கேரியருக்கு நைலான் வளையம் உள்ள லாக் நட்டு போடுங்கள், அதிர்வில் கழலாது.

ஆனால் ஹேண்டில்பார் கவ்வி, பிரேக் காலிப்பர், சீட் கவ்வி இவற்றின் கறுத்த எஃகு போல்ட்டை எடுத்துவிட்டு அழகுக்காக ஸ்டெயின்லெஸ் போடாதீர்கள். ஏ2-70 என்றால் இழுவிசைப் பலம் 700 மெகாபாஸ்கல். 12.9 என்று பொறித்த கறுப்பு போல்ட்டுக்கு அது 1200-க்கு மேல். ஒரே அளவு, ஒரே மரை, ஆனால் பலத்தில் பாதிக்குச் சற்றே மேல். துருப்பிடித்தால் அதே தரத்தில் புதியதை வாங்கிப் போடுங்கள்.

அலுமினியச் சட்டத்துக்குள் எஃகு போல்ட், எஃகுச் சட்டத்துக்குள் அலுமினியச் சீட் கம்பி: இந்த இரு உலோகங்களுக்கிடையே வியர்வையும் மழைநீரும் சேர்ந்தால் உள்ளுக்குள்ளேயே அரித்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். வருஷக்கணக்கில் கழற்றாத சீட் கம்பி சுத்தியலுக்கும் அசையாமல் போவது இதனால்தான். ஆண்டுக்கு ஒருமுறையாவது உருவி, துடைத்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள். ஹார்ட்வேர் கடையின் லித்தியம் கிரீஸ் ஒரு சின்ன டப்பா இதற்கும், பெடல் மரைக்கும், பேரிங்குக்கும் போதும். படகுகளுக்கு விற்கும் மரைன் கிரீஸ் கிடைத்தால் மழையில் இன்னும் நீடிக்கும். கார்பன் பாகங்களில் மட்டும் கிரீஸ் கூடாது, அதற்குத் தனிப் பேஸ்ட் உண்டு. டிஸ்க் ஆணிகளுக்குக் கிரீஸுக்குப் பதில் மரை கழலாமல் பிடிக்கும் பசையான நீல நிற திரெட்லாக்கர் ஒரு துளி, லாக்டைட் 243 போல. சிவப்பு நிறத்தது வேண்டாம், பிறகு சூடுபடுத்தாமல் கழலாது.

டபிள்யூடி-40 பற்றி ஒரு தெளிவு. நீலமும் மஞ்சளுமான அந்த டப்பா ஈரத்தை விரட்டவும், இறுகிய நட்டைத் தளர்த்தவும், ஸ்டிக்கர் பசையை எடுக்கவும் அருமையானது. செயினுக்கு எண்ணெயாக அது நிற்காது. மிக இலேசாக இருப்பதால் ரோலருக்குள் தங்காமல் போகும், போகும்போது உள்ளே இருந்த நல்ல எண்ணெயையும் கரைத்துக்கொண்டு போகும். செயினுக்கு மட்டும் சைக்கிள் கடையில் ஒரு புட்டி ‘வெட்’ வகை எண்ணெய் வாங்குங்கள், நம் மழைக்கு அதுதான் தாங்கும். வாகன எஞ்சின் ஆயில் போட்டாலும் ஓடும், ஆனால் மணலையும் தூசியையும் இழுத்து வைத்து அரைக்கும் மாவாக்கிவிடும். ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு துளி, பத்து நிமிடம் ஊறவிட்டு, வெளிப்புறத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். வெளியே தெரியும் எண்ணெய் அழுக்கைத்தான் சேர்க்கும்.

செயினைச் சுத்தம் செய்ய மினரல் டர்பன்டைன் அல்லது ஹார்ட்வேர் கடை டீகிரீஸர், பழைய பல்துலக்கி, நைட்ரைல் கையுறை போதும். தின்னர் வேண்டாம், பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் தின்னும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். கழுவிய கறுப்புத் தண்ணீரைக் கீழே உள்ள மழைநீர் வடிகாலில் கொட்டாதீர்கள். சிங்கப்பூரின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி, அந்த வடிகால்கள் நாம் குடிக்கும் நீர்த்தேக்கங்களுக்குப் போகின்றன. பழைய துணியில் உறிஞ்சவிட்டுக் கட்டிப் போடுங்கள். டிஸ்க்கையும் ரிம்மையும் துடைக்க ஐசோபுரோப்பில் ஆல்கஹால் மட்டும். எந்த ஸ்பிரேயும் பிரேக் கட்டையில் ஒரு துளி பட்டால் பிடிமானம் போய்விடும், அடிக்கும்போது டிஸ்க்கை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடிவிடுங்கள்.

செயின் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஹார்ட்வேர் கடையின் எஃகு ரூலர் போதும், 30 செ.மீ. போதாது, 50 செ.மீ. வாங்குங்கள். புதிய செயினில் 24 கண்ணிகள் 304.8 மி.மீ., அதாவது சரியாக 12 அங்குலம். ஒரு முளையின் ஓரத்தில் ஆரம்பித்து 24 கண்ணி தாண்டி அதே ஓரம்வரை அளந்தால் 306.3-ஐ நெருங்கினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. 307.8 வரை விட்டுவிட்டால் பல்சக்கரங்களும் அதே அளவுக்குத் தேய்ந்திருக்கும், புதுச் செயின் அதில் துள்ளும், செலவு இரட்டிப்பாகும். செயினைக் கழற்றும் கருவிக்குச் சுத்தியலும் ஆணியும் ஈடாகாது. முளை கோணலாகி, ஓட்டும்போது அறுந்துபோகும்.

பங்சருக்கு: உப்புத்தாள் ஹார்ட்வேர் கடையில், 120 எண் சரியாக இருக்கும். ஒட்டுகளும் வல்கனைசிங் சொலூஷனும் சைக்கிள் கடையில். தேய்த்த இடத்தில் சொலூஷனைத் தடவி, ஈர மினுமினுப்பு போகும்வரை ஐந்து நிமிடமாவது காயவிட வேண்டும். மழைநாளில் இன்னும் கூட. அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டுவதால்தான் ஒட்டு உரிந்து வருகிறது. சூப்பர் குளூ காய்ந்தால் கண்ணாடிபோல் இறுகும், டியூப் விரியும்போது உடையும். டயரைக் கழற்ற ஸ்க்ரூடிரைவரும் வேண்டாம், பிளாஸ்டிக் நெம்புகோல் இரண்டு போதும். ரிம்முக்குள் ஸ்போக் துளைகளை மூட மின்சார டேப் ஒட்டுவதும் தவறு. வெயிலில் பசை ஊறி நகர்ந்து, துளையின் ஓரம் டியூபைக் குத்தும்.

உங்கள் மடக்கு சைக்கிளுக்கு டயர் வாங்கும் முன் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள். ‘20 அங்குலம்’ என்ற ஒரே பெயரில் 406, 451 என இரு வேறு ரிம் அளவுகள் உள்ளன. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. பெட்ரோல் நிலையத்தில் காற்றடிப்பதானால் வால்வு தடித்த ஷ்ரேடர் வகையா என்று பாருங்கள், மெல்லிய பிரஸ்டாவுக்கு ஒரு சின்னப் பித்தளை அடாப்டர் வேண்டும். 100 கிலோபாஸ்கல் என்பது சுமார் 14.5 பிஎஸ்ஐ. டயரில் எழுதிய உச்ச அளவைத் தாண்டாதீர்கள்.

எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்குவதென்றால் கார் சக்கரத்துக்கான பெரியது பயன்படாது, அதன் அளவு ஆரம்பிக்கும் இடமே நம் தேவைக்கு மேல். கால் அங்குலச் சதுரம் உள்ள, 2 முதல் 20 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் சின்னது தேவை. ஹேண்டில்பார் கவ்வி பெரும்பாலும் 4 முதல் 6-க்குள், பாகத்திலேயே பொறித்திருக்கும். பெடலும் கேசட் நட்டும் 40-ஐ ஒட்டி, அவற்றை நீளமான ஸ்பேனரால் உறுதியாக இறுக்கினால் போதும்.

வேலை செய்ய இடம் என்றால், தாழ்வாரத்தில் விரித்துவைத்துச் செய்யும்போது குறைந்தது 1.2 மீட்டர் வழி திறந்திருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. சமையலறைத் தரையில் அட்டைப்பெட்டியை விரித்துச் செய்வது அதைவிட நிம்மதி. கழற்றும் ஆணிகளை முட்டை அட்டையில் வரிசையாகப் போடுங்கள், எந்தக் குழிக்கு எது என்ற குழப்பம் வராது. கருவிகளை ஈரக் கையால் தொட்டபின் துடைக்காமல் மூடிவைத்தால் நம் காற்றில் ஒரு மாதத்திலேயே துரு பூக்கும். எண்ணெய் ஒற்றிய துணியால் துடைத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டுவையுங்கள். சொலூஷன் டியூபை ஒருமுறை திறந்துவிட்டால் சில மாதத்தில் காய்ந்துவிடும், பெரியதாக ஒன்று வாங்குவதைவிடச் சின்னதாக இரண்டு வாங்கி, ஒன்றைத் திறக்காமலே வையுங்கள்.